உப்பு நீரும் கரும்பாறையும்

கார்த்திகை தீபம் முடிந்து கிரிவலப் பாதை வெறிச்சோடிக் கிடந்த ஒரு வாரத்தில்தான் சித்தப்பா அந்தத் தாளை என்னிடம் நீட்டினார். செங்கம் சாலையை ஒட்டிய அவருடைய ஒன்றரை ஏக்கரில் எடுத்த மின்தடை அளவை. நான்கு கம்பிகளை மண்ணில் அடித்து, வெளிக் கம்பிகள் இரண்டின் வழியே மின்சாரம் செலுத்தி, உள்ளிருக்கும் இரண்டுக்கும் இடையே மின்னழுத்தத்தை அளப்பார்கள். கம்பிகளை விலக்க விலக்கப் பார்வை ஆழத்துக்குப் போகும்.

"கடலுக்கடியில இருக்கறதையே பாக்கறவன் நீ. போர் போடலாமான்னு சொல்லுப்பா."

நெருப்புத் தலமென்று பெயர் பெற்ற ஊரில் தண்ணீர்தான் என்றைக்கும் வழக்கு.

நான் அப்போது பார்த்த வேலை கடலடி மின்காந்த அளவைத் தரவுகளைச் சீர்செய்வது. கப்பலொன்று நீண்ட மின்முனைக் கம்பியைக் கடல்தரைக்கு முப்பது மீட்டர் மேலே இழுத்துச் செல்லும். நொடிக்கு ஒரு முறைக்கும் குறைவாக அதிரும் அலைகளைத் தரையில் கிடக்கும் கருவிகள் பதிவு செய்யும். கடல்நீரின் மின்தடைமை ஏறக்குறைய 0.3 ஓம்-மீட்டர், நீர் ஊறிய படிவுகளுக்கு ஒன்றிரண்டு. எண்ணெயோ வாயுவோ நிறைந்த படுகையில் அது பல பத்து மடங்கு. சுற்றியுள்ள ஈரத்தில் அலை சீக்கிரம் செத்துவிடும். தடைமிக்க படுகைக்குள் புகுந்தது மட்டும் நெடுந்தூரம் ஓடி மேலே கசியும். தொலைவிலுள்ள கருவியில் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக ஏதேனும் வந்தால் நிமிர்ந்து உட்காருவோம். 2000-இல் அங்கோலாக் கடலில், முன்பே அறிந்த எண்ணெய் வயலின் மேல் ஸ்டாட்ஆயில் நிறுவனத்தார் இதைச் சோதித்துக் காட்டினார்கள்.

எங்கள் வேலையில் பெரும்பகுதி கழிப்பதுதான். கீழே விழுந்த கருவி எத்திசை நோக்கிக் கிடக்கிறதென்று கணித்து, கடிகாரப் பிழையைத் திருத்தி, ஆழம் குறைந்த இடங்களில் நீர்ப்பரப்புக்கு மேல் காற்றினூடாக ஓடிவந்து எல்லாவற்றையும் மூழ்கடிக்கும் அலையைப் பிரித்தெடுக்க வேண்டும். அத்தனையும் செய்தபின் மிஞ்சுவது எண்ணெய்தான் என்றும் சொல்லிவிட முடியாது. உப்புப் படிவும் எரிமலைப் பாறையும் சுண்ணாம்புக்கல்லும் அதே முகத்தைக் காட்டும். 2006-இல் கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் துளையிட்டபோது களிமண்ணின் செங்குத்து வெடிப்புகளில் வாயு ஹைட்ரேட் அகப்பட்டது. ஆனால் துளைக்குள் அளந்த மின்தடையிலிருந்து வழக்கமான சூத்திரப்படி கணக்கிட்ட அளவு, அழுத்தம் குறையாமல் மேலே கொண்டுவந்த மாதிரிகளில் இருந்ததைவிட மிக அதிகம். வெடிப்பு நிற்கும் திசை கணக்கைக் கெடுத்திருந்தது.

எங்கள் ஊரில் எல்லாம் தலைகீழ். பாறைக்குத் தடை ஆயிரக்கணக்கில். எண் எங்கே இறங்குகிறதோ அங்கே நீர் இருக்கலாம். சித்தப்பாவின் தாளில் எண் இறங்கியிருந்தது. சிதைந்த பாறை களிமண்ணாகிக் கிடந்தாலும் இப்படித்தான் இறங்கும் என்பது எனக்குத் தெரியும். அலுவலகமாக இருந்தால் அதை அறிக்கையில் எழுதியிருப்பேன். அவர் வேட்டி நுனியைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"போடலாம் சித்தப்பா" என்றேன்.

ஐந்நூறு அடி வரை புகைதான் வந்தது. இரண்டு கறவை மாடுகளை விற்ற பணம். வண்டிக்காரர்களுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு வந்தவர், என்னை ஒரு சொல் கடிந்துகொள்ளவில்லை. இரவு சாப்பிடும்போதுதான் கேட்டார்:

"கடல்ல தப்பாப் போனா யாரு பணம்ப்பா?"

"கம்பெனிப் பணம்" என்றேன்.

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு மோர் ஊற்றிக்கொண்டார்.