முள் சொன்ன பொய்

(மூன்றாமாண்டு இயற்பியல் மாணவன்)

பொய் சொல்லும் மனிதரைப் பார்த்திருப்பீர்கள். பொய் சொல்லும் முள்ளைப் பார்த்ததுண்டா, நண்பர்களே? நான் பார்த்தேன், அதுவும் ஆலங்குளத்தில் எங்கள் வீட்டுத் தொழுவத்திலேயே!

தொழுவத்தில் இப்போது மாடில்லை. தாத்தாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் நிற்கிறது. ஹெரால்டு இங்கிலாந்தில் 1959-இல் பிறந்தது. வடிவம் தந்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. 1961 முதல் நம் சென்னையிலும் அது உருவாயிற்று. பானெட் முழுவதும் முதலை வாய்போல முன்பக்கமாகத் திறக்கும் அழகே அழகு! ஆயினும் 1994-க்குப் பிறகு தாத்தா அதைத் தொட்டதில்லை.

அவ்வாண்டு ஒரு நள்ளிரவில் பக்கத்து வீட்டு அத்தைக்குப் பிரசவ வலி. தாத்தா காரில் ஏற்றிக்கொண்டு சிவகாசிக்கு விரைந்தார். பெட்ரோல் முள் கால் டாங்கு காட்டியது. பாதி வழியில் வண்டி நின்றது; டாங்கு வறண்டு கிடந்தது! முக்கால் மணி நேரம் கழித்து வந்த ஒரு சுண்ணாம்புக்கல் லாரிதான் அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. தாயும் சேயும் பிழைத்தார்கள். ஆனால் தாத்தா மறுநாளே சாவியை ஆணியில் மாட்டிவிட்டார்.

சென்ற கோடை விடுமுறையில் அந்தச் சாவியை நான் எடுத்தேன். ஊர் மெக்கானிக் அண்ணாச்சி துணைக்கு வந்தார். டாங்கைக் கழுவி, புதுப் பேட்டரி பூட்டி, ஐந்து லிட்டர் பெட்ரோல் ஊற்றினோம். இஞ்சின் ஓடியதும் முள் அரைக் கோட்டை நெருங்கியது!

"டாங்கு வயரைக் கழற்றி பாடியில் தொட்டுப் பார்ப்போமா, அண்ணாச்சி?" என்றேன்.

"வெடி ஊர்ப் பக்கம் பிறந்துட்டு, பெட்ரோல் பக்கத்துல பொறி பறக்க விடலாமா தம்பி? முதல்ல பக்கத்து முள்ளைப் பாரு" என்றார்.

பார்த்தேன். இஞ்சின் சூடேறுமுன்பே சூட்டு முள்ளும் வேகமாக ஏறிக்கொண்டிருந்தது. ஒரு முள் தவறினால் அதன் வயரையோ மிதவையையோ சந்தேகிக்கலாம். இரண்டும் ஒரே பக்கமாகத் தவறினால், இரண்டுக்கும் பொதுவான இடத்தில்தான் கோளாறு.

அந்தப் பொது இடம் டாஷ்போர்டின் பின்னால் இருந்தது. தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு தகரப் பெட்டி. பெயர் வோல்டேஜ் ஸ்டெபிலைசர். அதனுள்ளே ஈருலோகப் பட்டை ஒன்று சூடாகி வளைந்து, மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்பும். அதனால் பேட்டரியின் 12 வோல்ட், சராசரியாக 10 வோல்ட்டாக முட்களுக்குச் சேரும். பட்டையைச் சூடாக்கும் கம்பிச்சுருளுக்கு 'எர்த்' வேண்டும். பெட்டியைப் பிடித்திருந்த திருகில் துரு ஏறி எர்த் அறுந்திருந்தது. பட்டை வளையவில்லை, முழு வோல்டேஜும் முட்களுக்குப் பாய்ந்தது. வெப்பம் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று வகுப்பில் படித்தோமே! 10-க்குப் பதில் 12 என்றால் வெப்பம் 1.44 மடங்கு. இஞ்சின் ஓடி பேட்டரி சார்ஜ் ஆகும்போது இன்னும் கூடும்.

உப்புத்தாளால் துருவைத் தேய்த்துத் திருகை முடுக்கினோம். சற்று நேரத்தில் முள் இறங்கி, உண்மையைச் சொன்னது.

தாத்தாவை அழைத்துக் காட்டினேன். வெகுநேரம் பேசாமல் நின்றார். "அன்னைக்கு ராத்திரி சூட்டு முள்ளும் ஏறித்தான்யா நின்னுச்சு. வெயில் காலம்னு விட்டுட்டேன்" என்றார்.

"அப்போ தப்பு உங்க மேல இல்ல தாத்தா, ஒரு திருகு மேல!" என்றேன் மகிழ்ச்சியோடு.

அவர் சிரித்தார். "ஒரு குச்சியை விட்டு டாங்கை அளந்திருந்தா அரை நிமிசம். முள்ளை நம்புனது நான்தானய்யா."

ஆனால் மறுநாள் காலை ஆணியில் சாவி இல்லை. தொழுவத்துக்கு ஓடினேன். கையில் ஒரு வேப்பங்குச்சியோடு, டாங்கு மூடியைத் திறந்துகொண்டிருந்தார் தாத்தா.