தரையில் விழுந்த வெயில் காசு

புரட்டாசி கடைசியில் எங்கள் வீட்டில் ஒரு வேடிக்கை நடக்கும். நல்ல வெயில் நேரத்தில் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு, கையில் ஒரு சாக்குக்கட்டியுடன் இருட்டில் நின்று நான் கூரையையே பார்த்துக் கொண்டிருப்பேன். "என்ன, நட்சத்திரமா எண்ணுற?" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். நட்சத்திரம்தான். எண்ணாமல் விட்ட ஒன்று எங்களை என்ன பாடு படுத்தியது என்று கேட்டால் நீங்களும் எண்ணத் தொடங்கி விடுவீர்கள்!

எங்களுக்குப் போடி. மலையடிவாரத்தில் பழைய ஓட்டு வீடு. சீமை ஓடு என்கிறோமே, அதுதான். 1865-ல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் தொழிற்சாலை வைத்து இந்த மாதிரி ஓட்டைச் செய்ய ஆரம்பித்தார்கள். மங்களூர் ஓடு என்ற பெயர் அப்படி வந்ததுதான். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு குமிழ் இருக்கும். அது ரீப்பர் சட்டத்தைப் பிடித்துக் கொள்ளும். அவ்வளவுதான் பிடிமானம். ஆடி மாதத்தில் மலை இறங்கி வருகிற காற்று இருக்கிறதே, அது தாழ்வாரத்துக்குள் புகுந்து ஓட்டைக் கீழிருந்து தூக்கிப் பார்க்கும். ஆடியில் நழுவிய ஓடு ஐப்பசி மழை வரை வாய் திறக்காது. இரண்டு மாதம் சும்மா இருக்கும்.

மூத்தவள் காலேஜ் சேர்ந்த வருஷம். ஆவணியில் ஒரு நாள், உள்ளறைத் தரையில் காசு அகலத்துக்கு வெயில் வட்டம் ஒன்று விழுந்திருந்தது. சின்னவன் அதைக் கையால் பிடித்துப் பிடித்து விளையாடினான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ரசித்தேன். ரசித்ததோடு சரி, மறந்து போனேன்.

மேட்டில் எங்களுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் உண்டு. ஏலத்தில் விலை ஏறட்டும், மகளுக்கு அடுத்த தவணைப் பணம் கட்டலாம் என்று இரண்டு மூட்டைக் காயை அந்த அறையில்தான் வைத்திருந்தோம். நாலரை, ஐந்து கிலோ பச்சைக் காய் உலர்ந்தால்தான் ஒரு கிலோ காய் தேறும். பறிக்கிற பெண்கள், ஸ்டோரில் அடுப்பைப் பார்த்துக் கொள்கிறவர், உட்கார்ந்து தரம் பிரிக்கிற பெண்கள் என்று எத்தனை பேர் உழைப்பு! ஐப்பசியில் ஒரு ராத்திரி விடாமல் அடித்த மழையில், மூட்டையின் கட்டிய வாயிலேயே சொட்டுச் சொட்டாக இறங்கியிருக்கிறது. உள்ளே பிளாஸ்டிக் உறை இருந்து என்ன பயன்? பார்த்தபோது காய் ஊறிப் போயிருந்தது. மறுபடி காய வைத்தோம், பச்சை நிறம் திரும்பவில்லை. பாதி விலைக்குத்தான் போனது.

அதுகூடப் பரவாயில்லை. அந்த இருட்டில், மழையில், இவர் ஏணி வைத்து ஓட்டின் மேல் ஏறிவிட்டார்! ஓடு முழுக்கப் பாசி. கால் வழுக்கி, ஓடு உடைந்து, ஒரு கால் முழங்கால் வரை உள்ளே இறங்கிவிட்டது. நான் கீழே நின்று அந்தக் காலைப் பார்க்கிறேன். ரீப்பர் தாங்கிக் கொண்டது. தாங்காவிட்டால்... எழுதக் கை வரவில்லை. ஆறு தையலோடு போயிற்று.

மறுநாள் ஓடு மாற்றுகிற பெரியவரைக் கூப்பிட்டோம். அவர் ஏணியைத் தொடவே இல்லை. "கதவச் சாத்து தாயி" என்றார். சாத்தினேன். மேலே பதினாலு புள்ளி மின்னியது! "ஓட்டு மேல ஏறுறதுக்கு முந்தி ஓட்டுக்குக் கீழ நிக்கணும். மழையில எவனாச்சும் ஏறுவானா?" என்று இவரை ஒரு பார்வை பார்த்தார். பாதிக்கு மேல் உடைந்த ஓடு இல்லை, நழுவிய ஓடு. உள்ளேயிருந்தே கம்பால் மெதுவாகத் தள்ளி இடத்தில் உட்கார வைத்தார். மீதிக்கு மட்டும் ரீப்பரில் சாக்குக்கட்டியால் குறி போட்டு, வெயில் காய்ந்த பிறகு பலகை போட்டு ஏறினார்.

சொட்டு விழுகிற இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை என்று நானும் நினைத்திருந்தேன். இல்லையாம். தண்ணீர் கைமரத்தோடு ஓடிவந்து வேறெங்கோ சொட்டும். அதனால் ஈரக்கறையிலிருந்து மேல்பக்கமாகத் தேட வேண்டும். மாற்றி முடித்ததும் மழைக்குக் காத்திராமல் குழாய்த் தண்ணீரை விட்டுப் பார்த்தார். கீழ் வரிசையில் ஆரம்பித்து மேலே மேலே போனார். எந்த வரிசையில் சொட்டு வருகிறதோ அங்கேதான் கோளாறு. கரையான் மண்கோடு தெரிந்த சட்டத்தைத் திருப்புளியால் குத்திப் பார்த்தார். இரண்டு சட்டம் அவல் மாதிரி உதிர்ந்தது.

பாசிக்குத் துரிசு கரைத்து ஊற்றச் சொன்னார் பக்கத்து வீட்டு அக்கா. ஏலச்செடி அழுகலுக்குத் துரிசும் சுண்ணாம்பும் சேர்த்துத் தெளிக்கிறோம், பாசியும் சாகும்தான். ஆனால் கூரைத் தண்ணீர் எங்கள் தொட்டிக்கு அல்லவா வருகிறது! துத்தநாகம் பூசிய தகரக் கால்வாயையும் அது அரித்துவிடும். காய்ந்த நாளில் தேங்காய் நார் பிரஷ்தான் என் வழி. கம்பி பிரஷ் ஓட்டின் மேல்தோலைச் சுரண்டிவிடும்.

பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறினால் போடிமெட்டு. அந்தப் பக்கம் என் தங்கை சிமெண்ட் ஓடு போட்டிருக்கிறாள், பார்க்க அழகுதான். அடியில் பலகை அடித்து மூடியிருப்பதால் அவள் வீட்டில் வெயில் காசு விழாது. பலகையில் கறை படிகிறதா என்றுதான் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். எங்களையும் அதற்கு மாறச் சொன்னாள். ஓடு ஒன்று நாலு கிலோவுக்கு மேல். எங்கள் பழைய கைமரம் தாங்குமா என்று ஆசாரியைக் கேட்டேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்!

இந்த வருஷம் எண்ணியதில் ஒன்பது. ஆறு நழுவல், இரண்டு குரங்கு வேலை. கிணற்றடியில் அடுக்கி வைத்திருக்கிற உபரி ஓடு கைகொடுத்தது. ஒன்பதாவதுதான் பிடிபடவில்லை. காலை வெயிலில் தெரிந்தது, மத்தியானம் காணவில்லை. நாளைக்கு ஒன்பது மணிக்கு மறுபடி கதவைச் சாத்த வேண்டும்.