அம்மாவின் கடை ஆங்கிலம்

ஸ்காபரோவில் தமிழ்க் கடைகளுக்குக் குறைவில்லை. ஆனால் பனிக்காலத்தில் அம்மா நடந்து போகக்கூடிய தூரத்தில் இருப்பது ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட்தான்.

அங்கே பேசத் தேவையான ஆங்கிலத்தை நானே அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். இலக்கணத்தைத் தொடவே இல்லை. "எக்ஸ்கியூஸ் மீ, வேர் இஸ் த சோல்ட்?" என்ற ஒரு வாக்கியம். கடைசிச் சொல்லை மாற்றினால் எந்தச் சாமானையும் கேட்கலாம். பதில் பெரும்பாலும் "ஐல் செவன்" என்று எண்ணாகத்தான் வரும். அதனால் எண்களைக் காதால் பிடிக்கப் பழக்கினேன்.

பால் இருக்கும் இடத்தில்தான் அதிக நேரம் நின்றோம். கொழுப்பின் அளவு 3.25, 2, 1 வீதம் என்று போட்டிருக்கும். கனடாவில் பொதிகளில் பிரெஞ்சும் சேர்ந்தே இருப்பதால், எந்த வரி ஆங்கிலம் என்று கண்டுபிடிக்கவும் பழக வேண்டும். கொத்தமல்லிக்கு சிலான்ட்ரோ, வெண்டிக்காய்க்கு ஓக்ரா; இவற்றை அம்மா உடனே பிடித்துக்கொண்டார்.

புதிதாகக் குடியேறியவர்களுக்கு அரசு நிதியில் இலவசமாக நடக்கும் லிங்க் (LINC) ஆங்கில வகுப்புகள் அருமையானவை. அம்மாவையும் சேர்த்திருக்கிறேன். ஆனாலும் கடை மொழி முதல் வாரமே வேண்டும். "நீங்கள் இருங்கோ, நான் வாங்கி வாறன்" என்று தயவுசெய்து பெற்றோரை வீட்டில் இருத்தாதீர்கள். பக்கத்தில் நில்லுங்கள், அவர்களே கேட்கட்டும்.

இனி ரசீதைச் சரிபார்க்கவும், வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டிய சொற்களைத் தொடங்க வேண்டும்.