ஓசி ஈயமும் ஒரு ரத்தப் பரிசோதனையும்

மக்களே, பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம். வீட்ல பதினோரு மாசப் பொண்ணு தவழ ஆரம்பிச்சாச்சு. ஆனாலும் எங்க பெருசு கதையை எழுதாம இருக்க முடியலை.

பெருசு எங்க டீம்ல டேட்டாபேஸ் பார்க்கிறவர். அறுபது வயசு, அசல் பென்சில்வேனியாக்காரர். இந்தப் பக்கம் மான் வேட்டை சீசன்னா நம்மூர்ப் பொங்கல் மாதிரி. தேங்க்ஸ்கிவிங் முடிஞ்ச கையோட ஆபீஸ்ல பாதி சீட் காலி. இவர்கிட்ட இருக்கிறது தேர்ட்டி தேர்ட்டி ரைபிள். 1895ல சந்தைக்கு வந்த தோட்டா, இன்னிக்கும் ஓடிட்டு இருக்கு. அதுக்கான குண்டை மனுஷன் தன் வீட்டு கராஜ்லயே வார்க்கிறார்.

டிஸ்கி: நான் எச்1பி ஆசாமி. வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்குகளைத் தவிர, துப்பாக்கி, தோட்டா எதையும் நாங்க வெச்சிருக்கக் கூடாது. வெறும் குண்டுகூட அந்தச் சட்டப்படி தோட்டாக் கணக்குதான். அதனால நான் அங்கே நாற்காலியில உட்கார்ந்து காபி குடிக்கிற பார்ட்டி மட்டுமே :-)

ஏன் வீட்டுல வார்க்கணும்? ஒரு தோட்டாவுல நாலு சமாச்சாரம்: பித்தளைக் கூடு, பற்றவைக்கிற பிரைமர், மருந்து, முனையில குண்டு. கூட்டைத் திரும்பத் திரும்ப உபயோகிக்கலாம். பிரைமரும் மருந்தும் கடையிலதான் வாங்கியாகணும். மிச்சம் பிடிக்க வழி இருக்கிறது குண்டுல மட்டும்தான். 2020, 2021ல கடை அலமாரி எல்லாம் காலியா கிடந்தப்போ, பெருசு மட்டும் கவலையே இல்லாம இருந்தாராம்.

கணக்கு எளிசு. ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன். இவர் குண்டு 170 கிரெய்ன். ஆக ஒரு பவுண்டு ஈயத்துல 41 குண்டு. ஈயம் ஓசின்னா குண்டும் கிட்டத்தட்ட ஓசி.

ஓசி ஈயம் எங்க கிடைக்கும்? கார் சக்கரம் ஆடாம இருக்க ஓரத்துல ஒரு எடைக்கட்டி மாட்டுவாங்களே, அது. முன்னெல்லாம் டயர் கடையில கேட்டா பழசை வாளி வாளியா கொடுத்துடுவாங்களாம். கலிபோர்னியா 2010ல காரீய எடைக்கட்டியைத் தடை பண்ணுச்சு. வேற சில மாநிலங்களும் தடை போட்டுச்சு. இப்ப வாளியில பாதிக்கு மேல இரும்பும் துத்தநாகமும்தான். காரீயம் 327 டிகிரி செல்சியஸ்ல உருகும், துத்தநாகம் 419ல. சூட்டை அளந்து வெச்சா துத்தநாகம் உருகாம மேலே மிதக்கும், எடுத்துப் போட்டுடலாம். கவனிக்காம சூடு ஏத்தினா ரெண்டும் கலந்து, அச்சுல சரியா நிரம்பாத மொக்கைக் குண்டுதான் வரும்.

வெறும் காரீயம் ரொம்ப மிருது. கொஞ்சம் ஆன்டிமனியும் வெள்ளீயமும் சேரணும். அந்தக் காலத்துல பழைய அச்சகங்களோட லினோடைப் உலோகம் இவங்களுக்குப் பொக்கிஷமாம். நூத்துக்கு 12 பங்கு ஆன்டிமனி, 4 பங்கு வெள்ளீயம், மீதி காரீயம். செய்தித்தாள் அச்சடிச்ச எழுத்து மான் தோலைத் துளைக்கப் போயிருக்கு, பாருங்க.

வெள்ளீயத்துக்குப் பெருசு போறது பழைய சாமான் கடைக்கு. பியூட்டர் கோப்பைகளைப் பொறுக்கிட்டு வந்து உருக்குவார். ஒரு நாள் அவர் ஒண்ணைச் சட்டியில போட, அது கண் எதிர்ல குழைஞ்சு காணாமப் போச்சு. எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு. அசப்புல எங்க பாட்டியோட ஈயச்சொம்பு! ரசம் ஊத்தாம அடுப்புல வெச்சா உருகிடும்னு பாட்டி கத்துறது எதுக்குன்னு அன்னிக்குத்தான் கண்ணால பார்த்தேன். வெள்ளீயம் 232லயே உருகிடும்.

இவ்வளவு ரசிச்சுப் பார்த்துட்டு இருந்தப்பதான் பெருசுக்கு வருடாந்திர ரத்தப் பரிசோதனை. காரீயம் டெசிலிட்டருக்கு 17 மைக்ரோகிராம். அமெரிக்காவுல 2021லேர்ந்து குழந்தைகளுக்கு எச்சரிக்கை மணி அடிக்கிற அளவு 3.5. குழந்தைகளுக்கு இவ்வளவு வரைக்கும் பரவாயில்லைன்னு ஒரு அளவே கிடையாது.

உருக்குற புகைதான் காரணம்னு நான் நினைச்சேன். டாக்டர் கேள்வி மேல கேள்வி கேட்டதுல வேற ஒண்ணு அகப்பட்டுச்சு. குண்டு வார்க்கிற சூட்டுல காரீயம் பெருசா ஆவியாகாதாம். ஆபத்து தூசியில. சட்டி மேல ஒதுக்குற கசடுலயும் இருக்கு, சுட்ட கூடுகளுக்குள்ள ஒட்டியிருக்கிற பிரைமர் சாம்பல்லயும் இருக்கு. பெரும்பாலான பிரைமர்ல காரீயச் சேர்மம் உண்டு. அந்தக் கூடுகளை ஒரு டப்பாவுல உலர்தூளோட போட்டு மணிக்கணக்கா உருட்டிச் சுத்தம் பண்றது, பெருசு வீட்டு பேஸ்மென்ட்ல. பக்கத்துலயே துணி துவைக்கிற மெஷின். சனிக்கிழமையானா மூணு வயசுப் பேரன் அங்கேதான் கார் ஓட்டி விளையாடுவான்.

பேரனுக்கும் எடுத்தாங்க. 4 வந்துச்சு. பெருசு ரெண்டு நாள் ஆபீஸ்ல யாரோடவும் பேசலை.

அப்புறம் எல்லாம் மாறிடுச்சு. கூடுகளைக் கழுவுறது இப்போ தண்ணியும் இரும்பு ஊசியும் போட்ட டப்பாவுல, அதுவும் வீட்டுக்கு வெளியில. கராஜ்ல தின்பண்டம், காபி கூடாது. செருப்பு கராஜோட நிக்கும். துணி தனியா. போன மாசம் பேரனுக்கு 2. தாத்தா முகத்துல சிரிப்பு வந்துச்சு.

நான்? தங்கமணி ஒரே வார்த்தைல சொல்லிட்டா: "அங்கே போனா குளிச்சுட்டுதான் புள்ளையைத் தொடணும்." நம்ம வீட்டு அம்மிணி தரையில கிடக்கிற எல்லாத்தையும் நக்குற வயசு. அதனால இப்ப பெருசை நான் பார்க்கிறது அவர் வீட்டுத் திண்ணையில மட்டும்.

காசு மிச்சம் உண்மைதான், மறுக்கலை. ஆனா ஓசியா வந்த பொருளுக்குப் பில் எழுதறப்போ ரத்தப் பரிசோதனை, தனித்துணி, வெளியே ஒரு ஷெட், எல்லாத்தையும் சேர்த்து எழுதணும். அப்படியும் கட்டுப்படி ஆகுதுன்னு பெருசு சொல்றார். எழுதாம விட்டா, அந்தப் பில்லைக் கட்டுறது தரையில கார் ஓட்டிட்டு இருக்கிற பொடியன்தான்.

அடுத்த மாசம் அம்மா வர்றாங்க, பெட்டியில புது ஈயச்சொம்போட. காரீயம் கலக்காத சுத்த வெள்ளீயம்னு கடைக்காரர் சத்தியம் பண்ணினாராம். புளியும் தக்காளியும் காரீயத்தைக் கரைச்சு இழுக்கும். சோதனைக்கூடத்துல பார்த்த பிறகுதான் அதுல ரசம்னு அம்மாகிட்ட யார் சொல்றது? தைரியசாலிகள் பின்னூட்டத்துல வழி சொல்லுங்க :-)