இறக்கி விடுங்கோ

மகள் வயிற்றுப் பேரனுக்கு 5 வயது. தாய் வேலைக்குச் செல்வதால் பகல் வளர்ப்பு எங்களிடம். இலேசான பெருமூளை வாதம். இடது குதிக்கால் நிலத்தில் படியாது. லண்டன் வைத்தியர் வில்லியம் லிட்டில் 1862இலேயே விரித்தெழுதிய நிலை இது. அவரும் சிறுவயதிற் காற்குறையோடு வளர்ந்தவர்தாம். மூளைக்கு நேர்ந்த சேதம் மேலும் பெருகாது. ஆனால் எலும்பு வளரும் வேகத்துக்கு இறுகிய தசை நீளாது. ஆகவே தினமும் அவன் கணுக்காலை மெல்ல வளைத்துப் பிடிக்கிறோம்.

"கோணேசருக்கு நேர்த்தி வையுங்கோ" என்பர் அயலவர். வெள்ளிதோறும் பிரெட்றிக் கோட்டை வாசலிலிருந்து, மான்களைப் பார்த்தபடி கோயிலுக்கு ஏறுவோம். பத்திரிகைக் காரியாலயத்தில் 30 ஆண்டுகள் கடிகாரத்தோடு ஓடியவன் நான். பாதி வழியில் அவனைத் தூக்கிவிடுவேன். பிறர் பார்வையிலிருந்து அவனைக் காப்பதாகவும் எண்ணிக்கொள்வேன்.

சென்ற வெள்ளி தோளிலிருந்தே சொன்னான்: "இறக்கி விடுங்கோ அம்மப்பா. எனக்கு ஏலும்."

இறக்கினேன். இரு தடவை விழுந்தான், எழுந்தான். நாங்கள் சந்நிதியை அடைந்தபோது பூசை முடிந்திருந்தது. ஐயர் திருநீறு நீட்டினார். அவன் குனிந்து, முதலில் தன் இடது காலிற் பூசிக்கொண்டான்.

இத்தனை நாளும் ஏலாதிருந்தது எனக்குத்தான்.