காற்றுக்கு எதிரே ஆடும் பாதி

கல்லூரிக் கால்பந்தாட்டத்தில் பருவம் என்று சொல்லப்படுவது, ஜூலையில் வகுப்புகள் நிலைபெற்ற பிறகு தொடங்கி, பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் நம் அணி வெளியேறும் நாளோடு முடிந்துவிடுகிற சொற்ப காலமே. தோற்றவர் விலகும் முறையில் நடைபெறும் அப்போட்டியில், இரண்டு மாத அப்பியாசமும் ஒரே பிற்பகலில் பரீட்சிக்கப்பட்டுவிடுவதால், பயிற்சியாளன் செய்யக்கூடியது அனைத்தையும் முதல் விசில் ஊதுவதற்கு முன்பே செய்து தீர்த்திருக்க வேண்டும். நான் கல்லூரி அணியைப் பயிற்றும் கடையநல்லூரில் அந்தப் பயிற்சியின் போக்கை முதலில் நிர்ணயிப்பது காற்று.

ஆனி பிறந்ததும் செங்கோட்டைக் கணவாய் வழியே இறங்கும் தென்மேற்குக் காற்று, குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்குச் சாரலாகிச் சுகமளிக்கிறது. மலையடிவாரத்துச் செம்மண் மைதானத்தில் ஆடுகிறவர்களுக்கோ அது பன்னிரண்டாவது எதிராளியாகிறது. 450 கிராமுக்கு மேற்படாத பந்தை எதிர்காற்றில் கோல்கீப்பர் ஓங்கி உதைத்தால், அது நடுக்கோட்டை எட்டுமுன்பே மேலே தயங்கி, இறங்கி, எதிரணி ஃபார்வர்டின் காலடியில் விழும். ஆகவே, காற்றுக்கு எதிரே ஆடவேண்டிய பாதியில் பந்தைத் தரையோடு தரையாகக் கொண்டுசெல்வது எங்களுக்கு அழகின் பொருட்டான தேர்வன்று, அவசியம். கோல்கிக் பெனால்டி எல்லையைத் தாண்டிய பிறகே பிறர் அதைத் தொடலாம் என்றிருந்த விதி 2019-இல் மாறி, எல்லைக்குள்ளேயே பேக் ஆட்டக்காரன் பந்தைப் பெற்றுக்கொள்ளலாம் என்று வந்தபோது, உலகத்தின் பெரிய அணிகள் அதை எப்படிப் பயன்படுத்தினவோ, எங்கள் ஊர்க் காற்றில் ஆடுகிறவர்களுக்கு அது ஒரு பேருபகாரமாக வாய்த்தது என்பதை நான் நன்றியோடு நினைக்கிறேன்.

தரையோடு ஆடுவதற்குப் பந்து இல்லாதவர்கள் சரியான இடத்தில் நின்றாக வேண்டும். தொண்ணூறு நிமிஷ ஆட்டத்தில் ஒருவனிடம் பந்து இருக்கும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் இரண்டு மூன்று நிமிஷங்களுக்கு மேல் தேறாது. எஞ்சிய நேரம் முழுவதும் அவன் என்ன செய்கிறான் என்பதில்தான் அணியின் யோக்கியதை இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். இதற்காக நான் செய்யும் அப்பியாசம் மிகவும் எளியது: பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு பக்கக் கோட்டிலிருந்து மறு பக்கக் கோட்டுக்கு நடப்பேன், நான் நகர நகரப் பேக் வரிசை முழுவதும் நகர வேண்டும். பந்து வலது ஓரத்தில் இருக்கும்போது லெஃப்ட் பேக் உள்ளே ஒடுங்கி, பந்தையும் தன் முதுகுக்குப் பின்னால் பதுங்கும் ஆளையும் ஒரே பார்வையில் காணும்படி தோளைச் சாய்த்து நிற்க வேண்டும். நடுவில் நின்று, "தம்பி, தலையைத் திருப்பாமச் சொல்லு, உன் ஆளு எங்க நிக்கான்?" என்று கேட்பேன். ஆரம்பத்தில் பையன் விழிப்பான். ஆகஸ்ட் நடுவில், "பின்னால ரெண்டு எட்டுத் தள்ளி, சார்" என்று அவன் வாயிலிருந்து வரும் நாளில், அவன் ஆட்டக்காரனாகிவிட்டான் என்று எனக்குத் தெரிந்துவிடும். உதைக்கத் தெரிந்த பையன்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்; இவ்விதம் பதில் சொல்லத் தெரிந்தவனை ஒவ்வொரு வருஷமும் புதிதாக உண்டாக்க வேண்டியிருக்கிறது.

2012 முதல் 2015 வரை ரமலான் நோன்பு எங்கள் பயிற்சி தொடங்கும் ஜூலையைத் தொட்டே வந்தது. அணியில் பாதிப்பேர் நோன்பு வைப்பவர்களாக இருக்கும் ஊரில் இது பயிற்சி முறையையே திருப்பிப் போட்டது. ஓட்டமும் உடல்வலுப் பயிற்சியும் தராவீஹ் தொழுகைக்குப் பிந்திய இரவுக்குப் போயின. நோன்பு திறப்பதற்கு முந்திய மாலை வேளையில், நாவறட்சி தரும் ஓட்டமில்லாத மேற்சொன்ன நடை அப்பியாசம் மட்டுமே நடந்தது. நோன்பில்லாத பையன்களும் அந்த நேரத்தில் தண்ணீர் பாட்டிலைத் தொடாமல் இருந்துவிட்டு, பிறகு கஞ்சிக்குச் சேர்ந்து உட்கார்ந்தார்கள். இதை யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. 2014-இல் உலகக் கோப்பையின் பிற்பகுதியும் நோன்பு மாதத்தில் வந்தது. அல்ஜீரியா ஜெர்மனியைக் கூடுதல் நேரம்வரை இழுத்துச் சென்று 2-1 என்று தோற்ற ஆட்டம் நம் நேரப்படி இரவு ஒன்றரைக்குத் தொடங்கி, நோன்புக்கு முன் உண்ணும் சஹர் வேளையை ஒட்டி முடிந்தது. மறுநாள் பையன்கள் கோல்களைப் பற்றிப் பேசவில்லை. தன் கோல்கோட்டிலிருந்து வெகுதூரம் முன்னேறி வந்து, அல்ஜீரியாவின் ஃபார்வர்டுகளுக்கு முன்பாகப் பந்தை அடைந்துகொண்டேயிருந்த ஜெர்மனியின் கோல்கீப்பர் நோயரைப் பற்றியே பேசினார்கள். எனக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் அந்தப் பருவத்தில் இல்லை.

மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகப் போட்டியில் கன்னியாகுமரிக் கடலோரத்துப் பையன்களைச் சந்திப்பது தனி அனுபவம். தூத்தூர், இரவிபுத்தன்துறை போன்ற மீனவர் ஊர்களில் நடக்கப் பழகிய வயதிலிருந்தே மணலில் பந்தாடி வளர்ந்தவர்கள் அவர்கள், ஐ.எஸ்.எல். வரை சென்ற மைக்கேல் சூசைராஜ் அந்தக் கரையிலிருந்து வந்தவரே. பந்தின் மீதான அவர்களது ஆதிக்கத்தை இரண்டு மாதத்தில் எட்ட முடியாது; நின்று நெருக்கி, அவர்களுடைய வழியைக் குறுக்கலாம், அவ்வளவே. அணி தோற்றாலும், அத்தகைய ஆட்டத்தில் நிலைத்து நின்ற ஓரிருவர் தென்மண்டலப் போட்டிக்குச் செல்லும் பல்கலைக்கழக அணித் தேர்வுக்கு அழைக்கப்படுவதுண்டு.

பருவம் முடிந்ததும் மைதானம் காலியாகிறது. மூன்றாமாண்டுப் பையன்கள் பரீட்சையையும், பலர் அதற்குப் பின் வளைகுடாவையும் நோக்கிப் போய்விடுகிறார்கள். அந்த மாதங்களில் நான் முதலாண்டு மாணவர்களில் ஒருவனைக் கோல்கீப்பராகத் தேர்ந்து தனியே அழைத்துக்கொள்கிறேன். 7.32 மீட்டர் அகலக் கோலைக் காப்பதோடு, தன் அணியினர் வேண்டுமென்றே காலால் தரும் பாஸைக் கையால் எடுக்கலாகாது என்ற 1992-ஆம் ஆண்டு விதிக்கேற்பக் காலாலும் ஆட அவன் கற்க வேண்டும். அதற்கு இரண்டு வருஷமாவது பிடிக்கும், ஆகையால் ஜனவரியிலேயே தொடங்கிவிடுகிறோம்.