மூன்றாவது மனிதன்

துப்பறியும் கதையில் குற்றவாளி யாரென்று தெரிந்ததும் மனம் அடங்கிவிடும் அல்லவா? 1949-இல் கரோல் ரீட் இயக்கிய 'தி தேர்ட் மேன்' படத்தைக் கண்ட இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

போரில் இடிந்து, நான்கு வல்லரசுகள் பங்கிட்டு ஆண்ட வியன்னா நகரம். கௌபாய் கதை எழுதிப் பிழைக்கும் மார்ட்டின்ஸ், நண்பன் ஹாரி கார் மோதி இறந்த மர்மத்தைத் துலக்க முனைகிறான். உடலைத் தூக்கியவர் இருவர் என்கிறார்கள். கட்டடக் காவற்காரரோ மூவர் என்கிறார். இறந்ததாக நாடகமாடிய ஹாரியே அந்த மூன்றாமவன்!

என்னை உலுக்கியது அதுவன்று. ஹாரி, நீர்த்த பெனிசிலினைக் கள்ளச் சந்தையில் விற்றவன். செய்முறை வகுப்பில், மருந்து தோய்த்த வட்டத்தாளைச் சுற்றித் தெளிந்த வளையம் விழுவதைக் கண்டிருக்கிறேன். மருந்தை மிகவும் நீர்த்தால் வளையமே இராது; கிருமி மண்டிக் கிடக்கும். எங்களுக்கு அது ரெக்கார்டு நோட்டில் ஓர் எண். அங்கே மூளைக்காய்ச்சல் கண்ட குழந்தைகள். மருத்துவமனைக் காட்சியில் ஒரு குழந்தையின் முகத்தையும் காட்டவில்லை. பார்த்து நிற்கும் மார்ட்டின்ஸின் முகம் மட்டுந்தான். தயங்கியிருந்தவன் அதன்பின் நண்பனைப் பிடித்துக்கொடுக்க இசைகிறான்.

"வேலை தருகிறேன் என்று வரவழைத்தவனையே காட்டிக்கொடுப்பதா?" என்று விடுதி அறைத் தோழன் சீறினான். இறுதியில் ஹாரியின் காதலி அன்னா, கல்லறைச் சாலையில் காத்து நிற்கும் மார்ட்டின்ஸைத் திரும்பியும் பாராமல் நடந்து போகிறாள். தோழன் அவள் கட்சி. நான் மார்ட்டின்ஸ் கட்சி.

விளக்கை அணைத்த பின் இருட்டில் கேட்டான்: "ஹாரி நானாக இருந்தால்?"

எனக்கு உடனே விடை வரவில்லை.